வளைவில் வேகம் அளந்தவர்

பிள்ளைகளே, மண்கும்பான் வளைவில் ஒரு கையில் குடையும் மறுகையில் வேகம் அளக்கும் கருவியுமாக நின்று வாகனங்களின் வேகத்தை அளந்த அந்தப் பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. கடந்துபோன வாகனம் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை அளப்பார்.

மகளின் பள்ளிக்கூட வான் வண்டிக்காகக் காத்திருந்த நான், அவரைப் பொலிஸ் என்று நினைத்து, எங்கள் ஊர் வழக்கப்படி வருகிறவர்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிள் லைற்றை அடித்து எச்சரித்தேன்.

அவர் ஓடிவந்தார். "அண்ணை, நான் பொலிஸ் இல்லை, ஆராய்ச்சி செய்யிறனான். உங்கடை லைற்றாலை எல்லாரும் ஊர்ந்தெல்லோ வருகினம்!"

அப்போது, எப்போதும் பறந்துவரும் மகளின் வான் மெதுவாக வளைவில் திரும்பி, அதற்குள் நடுவீதியில் வந்து படுத்துவிட்ட மாடுகளுக்கு முன்னால் நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

"உதுக்குள்ளை உங்கடை பிள்ளையோ?"

"ஓம்."

"அப்ப என்ரை ஆராய்ச்சி குழம்பினது நல்லம்," என்று சிரித்தார்.

இப்போது அவர் அங்கில்லை. ஆனாலும் அந்த வளைவில் நான் லைற் அடிக்கிறேன். எல்லாரும் மெதுவாகவே வருகிறார்கள்.