வரைபடத்தில் ஒரு பச்சைப் பொட்டு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் பேனா எடுத்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலீஷ்காரர் நாட்டில், தோர்ண்டன் ஹீத் என்ற இடத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரத்தில், ஒரு பெரிய தெருவில் இருக்கிறோம். தெருமுனையில் ஒரு கசினோ. குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். அப்போது அதன் ஊதா வெளிச்சம் ஈரத் தெருவில் நீண்டு எங்கள் வாசல்வரை வரும். அதன்மேல் பஸ் வருவதைப் பார்த்தால் தண்ணீரில் மிதந்து வருவது போலிருக்கும். என் கணவர் வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க அந்த பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். நிறுத்தம் எங்கள் வாசலுக்கு நேரே. திரும்பி வரும் நாளில் அந்தப் பத்து அடி நடப்பதே அவருக்குப் பெரும்பாடு.

கசினோவுக்கு வரும் கார்களுக்காகக் கவுன்சில், அதாவது நகரசபை, தன் செலவில் தெருவை அகலமாக்கப் போவதாகக் கடிதம் வந்தது. பஸ் நிறுத்தம் தெருவின் மறுகோடியில் உள்ள மேட்டுக்கு அப்பால் போய்விடுமாம். இரண்டு வீடு தள்ளியிருக்கும் மன்னார் அண்ணை அந்தக் கடிதத்தோடு வந்து கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, எங்கட வரியில சூதாடப் போறவைக்கு றோட்டாம்! சனிக்கிழமை சேர்ச் மண்டபத்தில கருத்துக் கேக்கினம். கட்டாயம் வாரும்."

"வாறன் அண்ணை. ஆனா எனக்குக் கதைக்க ஏலாது."

"கதைக்க நான் இருக்கிறன். நீர் கேக்கிறதுக்குப் பதில் சொன்னாக் காணும்."

மண்டபத்தில் நீள மேசை முழுவதும் எங்கள் தெருவின் வரைபடம் விரித்திருந்தது. வந்தவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லி அதன்மேல் நிறப் பொட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடு நகத்தளவு பெட்டி. பறவை போல மேலே நின்று என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிக்குள் இப்போது அவர் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார் என்று தோன்றியது. ஜன்னல் வெயில் காகிதத் தெருவில் மெதுவாக நகர்ந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, கவுன்சிலிலிருந்து வந்த இளம்பெண் பக்கத்தில் வந்தது தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தைத் தொட்டுக் காட்டி, "இது இடம் மாறுவதை நீங்கள் விரும்பவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யெஸ்," என்றேன்.

"யெஸ்?"

"யெஸ், யெஸ்."

சிரித்தபடி ஒரு பச்சைப் பொட்டைத் தந்தாள். நிறுத்தத்தின் மேல் ஒட்டினேன். சுற்றிலும் எல்லாம் சிவப்பு. எனக்கு மட்டும் ஏன் பச்சை என்று கேட்க வாய் வரவில்லை.

சற்று நேரத்தில் அண்ணையின் குரல் கேட்டது. "பச்சையெண்டா மாத்தச் சம்மதமெல்லோ! ஆரப்பா இதை ஒட்டினது? கசினோ முதலாளி வந்திட்டுப் போட்டாரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"விரும்பேல்லையோ எண்டு கேட்டா நாங்கள் ஓம் எண்டுதான் சொல்லுவம். ஓம், விரும்பேல்லை. இங்கிலீசில அதுக்கு 'நோ' எண்டு சொல்லவேணும். 'யெஸ்' எண்டா விருப்பம் எண்டு எடுத்திடுவினம்."

"எனக்கென்ன தெரியும்?"

"நீர் சொன்னது யாழ்ப்பாணத்து யெஸ்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இஞ்சரும், நாளைக்கும் அங்க இருப்பினமாம். போய்ச் சொல்லும்."

"எனக்கு வெக்கமாக் கிடக்கு. ஒரு பொட்டுத்தானே?"

"அந்த மேடு என்னால ஏற ஏலாதப்பா."



மறுநாள் நான் மண்டபத்துக்குத் தனியே போனேன். என் பச்சைப் பொட்டைத் தொட்டுக் காட்டி, "நோ," என்று சொன்னேன். அந்தப் பெண் பச்சையை உரித்துவிட்டுச் சிவப்பைத் தந்தாள். ஒட்டிவிட்டு வந்தேன்.