எந்த மாதிரி நாற்றம்?

காற்று மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டால், அடுப்பில் சோறு கொதிக்கும்போதே அழுகின முட்டை நாற்றம் எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மணலிப் பக்கம் ஆலைகள் இருந்ததால் அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. "கேஸு வுட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஜன்னலைச் சாத்துவாள், அவ்வளவுதான்.

தினம் ஐந்து ஆங்கில வர்ணனைச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்யும் பைத்தியம் எட்டாவது படிக்கும்போது எனக்குப் பிடித்திருந்தது. பியூட்டிஃபுல், கிரேஸ்ஃபுல், மெஜஸ்டிக் என்று நோட்டு முழுக்க அழகுதான். அருவியை வர்ணிக்க என்னிடம் பத்து வார்த்தை இருந்தது. அருவியைப் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவின் இரண்டு வயது மகனுக்கு அந்த நாற்றம் வந்தாலே மூச்சு இழுக்கும். ஒரே வாரத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் மனு கொடுத்துவிடுவது என்று தெருப் பெண்கள் முடிவு செய்தார்கள். இங்கிலீஷில் இருந்தால்தான் மதிப்பார்கள் என்று, நோட்டும் கையுமாகத் திரிந்த என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால், அத்தனை சொற்களில் ஒன்றுகூட உதவவில்லை. "வெரி பேட் ஸ்மெல்" என்று எழுதி முடித்துவிட்டேன்.

ஆபீஸில் இருந்தவர் படித்துப் பார்த்து, "ஸ்மெல்லுன்னா? மீன் மார்க்கெட்லயும்தான் வருது. எந்த மாதிரின்னு எழுத வேணாமா?" என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

வெளியே வந்ததும் நூர்ஜஹான் அக்கா பிடித்துக்கொண்டாள். "இன்னாடி நீ, கொயந்த மூச்சு இஸ்துகினு கெடக்குது, மூணே வார்த்தைல முட்ச்சிட்டியே!" நடுரோட்டில் அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலமே நோட்டைப் பின்பக்கத்திலிருந்து புதிதாக ஆரம்பித்தேன். குழாயடியில் கேட்டால் வார்த்தை கொட்டியது. "மொளகா கருகுனாப்ல தொண்டைல புட்சிக்குது" என்றாள் ஒருத்தி. "ஆசிட்டு ஊத்துனாப்ல கண்ணு எரியுது" என்றாள் இன்னொருத்தி. அகராதியைப் புரட்டி ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் தேடினேன். நெடிக்குப் பஞ்சென்ட், எரிச்சலுக்கு ஆக்ரிட், மூச்சடைப்புக்கு சஃபகேட்டிங். கிடைக்காததை வாக்கியமாகவே எழுதினேன். எந்த நாள், எத்தனை மணி, குழந்தை எப்படித் துடித்தது என்று மூன்று பக்கம் வந்தது. இந்த முறை மனுவை வாங்கி சீல் போட்டார்கள்.

சில நாள் கழித்து விசாரிக்க ஒருவர் வந்தார். வந்த நேரம் பார்த்து மேற்குக் காற்று அடித்தது. மனுஷன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமித் தீர்த்தார். எங்களுக்கெல்லாம் உள்ளூர சந்தோஷம். அவர் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். "பேட் ஸ்மெல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பஞ்சென்ட்டுனு போடுங்க சார்!" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த மாதமே அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு புழல் பக்கம் போனாள். "நல்லாத்தான் எய்தன கண்ணு. ஆனா இவனுக்குக் காத்து வோணுமே" என்று, சாமான் வண்டியில் ஏறும்போது என் கன்னத்தைத் தொட்டுச் சொன்னாள்.

இன்றைக்கு அந்தக் குழாயடி இல்லை, ஓட்டு வீடுகள் இல்லை, நோட்டு எந்தப் பொங்கலுக்கோ பழைய பேப்பரோடு போய்விட்டது. நான் மட்டும் அதே தெருவில் இருக்கிறேன். நேற்று சாயங்காலம் என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தாள்.

"ம்மா, பேட் ஸ்மெல்!"

அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"எந்த மாதிரி? எழுது."