ஒரு போல்ட் வேலை

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்த வருடத்திலேயே எங்கள் காரும் பழுதானது. ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்வருவது அந்தக் காரில்தான். முதலில் ஸ்டார்ட்டில் சும்மா நிற்கும்போது மட்டும் நடுங்கியது. பிறகு ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் திணறி, ஒருநாள் பாதியிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னில் கை வைத்தவன் எடுக்கவேயில்லை. பக்கத்தில் இருந்த அவர் இடது கையை நீட்டி என்னவோ காட்டினார். எனக்கு விளங்கவில்லை.

அவர் துறைமுகத்தில் இயந்திரப் பகுதியில் வேலை செய்தவர். எங்கள் காரை இன்னொருவர் தொட விட்டதில்லை. இப்போது வலது கை மடியில் கிடந்தது. பேச்சில் மிஞ்சியது ‘ஓம்’ ஒன்றுதான். தேத்தண்ணி வேணுமோ என்றாலும் ஓம், வேண்டாமோ என்றாலும் ஓம். முகத்தைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு மெக்கானிக் வீட்டுக்கு வந்து பழுது காட்டும் கருவியைக் கொழுவிப் பார்த்தார்.

“அக்கா, வால்வு டைமிங்கைக் கூட்டிக் குறைக்கிற சொலினாய்டு போயிட்டுது. ஒயிலை விட்டு மறிக்கிற சின்னச் சாமான். அது இறுகினால் எஞ்சின் இழுக்காது.”

சாமானை வாங்கி வைத்தால் நேரம் கிடைக்கும்போது வந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய் வாங்கினேன். கடைக்காரர் என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா.

“இது ஒரு போல்ட் வேலைதான், டீச்சர். ஸார் பக்கத்துல இருந்து சொல்லித் தந்தா நீங்களே போட்டுரலாம்” என்றார்.

ஸாருக்கு நடந்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கிண்ணியாப் பாலத்தால் திரும்பி வரும்போது அந்தப் பேச்சே மனதில் ஓடியது. அவருக்குப் பழகின வேலையைக் கையில் குடுத்துப் பாருங்கோ என்று ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பிள்ளையும் சொல்லியிருந்தாள். இதைவிடப் பழகின வேலை அவருக்கு வேறென்ன?

சனிக்கிழமை காலை கார் நிற்கும் இடத்தில் கதிரையைப் போட்டு அவரை இருத்தினேன். பொனட்டைத் திறந்து, பற்றரியின் ஒரு முனையைக் கழற்றினேன்.

“இஞ்சேருங்கோ, எது அந்தச் சாமான்? இதோ?”

“ஓம்.”

“இல்லாட்டி இதோ?”

“ஓம்.”

பிறகு தானே எழும்பினார். காரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இடது கை விரலை எஞ்சினின் ஒரு மூலையில் வைத்தார். விரல் தடுமாறவில்லை. அந்த இடத்தில்தான் அது இருந்தது. அவருக்குப் பேச்சே வந்துவிட்ட மாதிரி எனக்குச் சந்தோசம்.

அதில் செருகியிருந்த வயரை நான் கழற்றினேன். ஸ்பானரை அவருடைய இடது கையில் கொடுத்தேன். போல்ட்டில் வைத்தார், வழுக்கியது. திரும்ப வைத்தார், வழுக்கியது. பிறகு ஸ்பானர் கையை விட்டு நழுவி, எஞ்சினுக்குள் அங்கங்கே முட்டிக்கொண்டு கீழே போய்த் தங்கியது. உள்ளங்கையால் காரில் ஓங்கி அடித்தார்.

“ஓம்! ஓம்! ஓம்!”

அது தூசணத்தில் ஏசுவது என்று எனக்குத் தெரியும்.

“பரவாயில்லை, நான் செய்யிறன். நீங்கள் இருங்கோ.”

அவர் போய்க் கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு என் பக்கம் பார்க்கவில்லை.

வேறொரு ஸ்பானரால் போல்ட்டைக் கழற்றி, சொலினாய்டை இப்படியும் அப்படியும் திருப்பி இழுத்தேன். கறுப்பு ஒயில் மணிக்கட்டால் வழிந்தது. அதிலிருந்த சின்ன வலை முழுக்கக் கசடு அடைத்திருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதியதன் ரப்பர் வளையத்தில் ஒயில் தடவி உள்ளே தள்ளி, போல்ட்டை அளவாக இறுக்கி, வயரையும் பற்றரியையும் கொழுவினேன்.

விழுந்த ஸ்பானரைத் துழாவி எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். நடுக்கமே இல்லை. இறங்கி வந்து, “கேக்குதோ?” என்று சிரித்தேன்.

அவர் எழும்பினார். என்னைத் தாண்டி மெல்ல நடந்து, டிரைவர் சீட்டில் ஏறி இருந்தார். வலது கால் அசையவில்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையால், கட்டியிருந்த சாரத்தோடு சேர்த்துக் காலைத் தூக்கி அக்சிலேற்றரில் வைத்தார். எஞ்சின் அலறியது. மதிலில் இருந்த காகங்கள் பறந்தன. கியர் பார்க்கில் இருந்ததால் கார் பாயவில்லை. ஆனால் வைத்த காலை எடுக்க அவருக்கு ஏலவில்லை. நான் உள்ளே எட்டித் திறப்பைத் திருப்பி நிற்பாட்டினேன்.

அவர் இறங்கவில்லை. நான் மற்றப் பக்கத்தால் ஏறி அவரோடு இருந்தேன். அவர் அழுதார். இடது கன்னத்தைத் துடைத்தார். வலது கன்னத்தில் வழிந்தது அவருக்குத் தெரியவில்லை. துடைத்துவிட என் கை போனது. அது முழுக்க ஒயில். மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கார் ஏற்றத்தை இலேசாக ஏறியது. அவர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். பிசியோதெரபி செய்கிற பிள்ளை, “வீட்டில ஏதும் வேலை செய்தவரோ?” என்று கேட்டபோது, இல்லை என்றேன்.

ஒயில் மாற்றும் நாள் வந்தபோது காரைக் கராஜில் கொண்டுபோய் விட்டேன். அவரிடம் கேட்கவில்லை. நான் காரை வெளியே எடுத்தபோது அவரும் எழும்பி வந்து பார்க்கவில்லை.