ஆறு பேரில் மூத்தவர், ஒருத்திக்கு அப்பா

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்த ஆறு பேரில் அவர் மூத்தவர், நான் கடைசி. பள்ளி ஆசிரியை என்பதால் இந்த நினைவு மலரை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

அண்ணன் பிறந்தது தாராபுரத்துக்குத் தெற்கே, மழையை நம்பிய புன்செய்க் காட்டில். பெய்தால் சோளம், பொய்த்தால் ஆடுகள்தான். ஆடு மேய்க்கவும் களை எடுக்கவும் ஆள் வேண்டியிருந்ததால் பிள்ளைகள் பெருகியதை அப்பா பாரமாக நினைக்கவில்லை. நான் பிறந்தபோது அண்ணனுக்குப் பதின்மூன்று வயது. நான் நடை பழகும்போது அப்பா காலமானார். அண்ணன் படிப்பை விட்டுக் கோவைக்குப் போனார். முதலில் கடையில் எடுபிடி, பிறகு பஞ்சாலைத் தொழிலாளி. எங்கள் ஐவரையும் அவர்தான் ஆளாக்கினார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்த பிறகே தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

ஒரு பெண் குழந்தை பிறந்தது, எங்கள் பாப்பா. அவளுக்கு ஆறு வயதானபோது, இன்னொரு குழந்தை வேண்டும் என்று அண்ணி ஆசைப்பட்டார். அண்ணன் பிடிகொடுக்கவில்லை. அண்ணி கண்கலங்கியதைப் பார்த்து, நான் அண்ணனிடம் கேட்டே விட்டேன்.

"ஏனுங்கண்ணா, அப்பாவும் இப்படி யோசிச்சிருந்தா நான் பொறந்திருக்கவே மாட்டனுங்களே?"

அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"உன்னைய வேண்டாம்னு ஒருநாளும் நெனச்சதில்ல அம்மணி. கைக்கொழந்தையில உன்னைய நாந்தான் தூக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா அம்மா நமக்கெல்லாம் கூழு ஊத்திப்போட்டு, தனக்குக் காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்குவாங்க. அது காய்ச்சல் இல்லீன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். உங்க அண்ணியும் அப்படிப் படுத்துக்கிட்டா, பாக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல."

ஆனால் ஒரு வாரம் கழித்து, "உன் ஆசைப்படியே ஆகட்டும்" என்று அண்ணியிடம் அவராகவே சொல்லியிருக்கிறார். அந்த மாதமே ஆலையில் வேலை பாதி நாளாகக் குறைந்தது. இப்போது அண்ணிதான் மறுத்தார்.

"வேண்டாமுங்க. இருக்கற ஒண்ணைய நல்லாப் படிக்க வெச்சுப்போடலாம்."

பரணில் இருந்த தொட்டிலை அன்றே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கருத்தடை அறுவைக்குப் பெண்கள் போவதுதான் எங்கள் பக்கம் வழக்கம். "நீ ஒடம்பைக் கெடுத்துக்க வேண்டாம்" என்று சொல்லி அண்ணனே போய்ச் செய்துகொண்டார். ஆலையில் கேலி செய்தவர்களிடம் சிரித்துவிட்டுப் போனார்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோது நாங்கள் ஐவரும் மாறி மாறி அருகில் இருந்தோம். ஒருநாள் எங்களையெல்லாம் பார்த்துவிட்டு அண்ணன் அழுதார்.

"நாளைக்குப் பாப்பா படுத்தா, சுத்தி நிக்கக் கூடப்பொறந்தது ஒண்ணுமில்லாமப் பண்ணிப்போட்டனே."

அண்ணி அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, அது நானுஞ் சேந்து எடுத்த முடிவுங்க. உங்க தலையில மட்டும் போட்டுக்காதீங்க."

அதன் பிறகே அண்ணன் கண்ணை மூடித் தூங்கினார். நான்கு நாட்களில் எங்களைப் பிரிந்தார்.

இரத்தம் கொடுத்த ஆலை நண்பர்களுக்கும், பரிவோடு பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், காரியம் முடியும்வரை உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். பாப்பா இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் படிப்பை நாங்கள் ஐவரும் பார்த்துக்கொள்கிறோம்.

அண்ணன் எங்களை வளர்த்த களைப்பில் அண்ணியின் ஆசையும் சேர்ந்தே போனது. அதற்காக நாங்கள் யாரும் இதுவரை அண்ணியிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த மலரின் முதல் பிரதியை அண்ணியின் கையில் கொடுத்து, அவர் காலில் விழுகிறோம்.