போர் போட வந்தவரின் வாத்தியம்

ராசிபுரத்துக்கு மேற்கே எங்கள் விவசாயக் காட்டில் தண்ணீருக்குப் போர் போட வந்த ரிக் வண்டியின் டிரைவர் அவர். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. தலைமுடி, புருவமெல்லாம் கல்மாவு படிந்து வெளுத்திருந்தது.

மதியம் வரை துளைபோட்டும் குழியிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் கல்மாவுப் புகைதான் வந்தது. போதும், நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு அப்பா வேப்பமரத்தடியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் சோப்புப் போட்டுக் கைகழுவி, கேபினிலிருந்து ஒரு வட்டப் பையுடன் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே ஹேண்ட்பேன். இரண்டு இரும்புச் சட்டிகளை வாயோடு வாய் ஒட்டியது போன்ற வாத்தியம். பருத்தித் துணியால் அதன் ஒவ்வொரு பள்ளத்தையும் துடைத்து, துளி எண்ணெய் தடவி, மறுபடியும் துடைத்தார்.

"ஏனுங்க, இத்தனை தொடைக்கோணுமா?" என்றார் அப்பா.

"ஆமாங்க. வேர்வை பட்டாத் துரு ஏறிக்கும். அப்புறம் சத்தம் கெட்டுப்போயிருமுங்க."

அவர் விரல்களால் மெல்லத் தட்டத் தொடங்கினார். கோயில் மணி தூரத்தில் அடிப்பதுபோல் இருந்தது. அப்பா நிமிர்ந்தார்.

"நானும் ஒருக்காத் தட்டட்டுங்களா?" என்று கேட்டவர், புழுதி அப்பிய தன் கைகளைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"அட, வாங்க சாமி" என்று டிரைவர் தன் குடிதண்ணீர் கேனைச் சாய்த்து அப்பாவின் கைகளில் ஊற்றினார். பிறகு வாத்தியம் துடைத்த அதே துணியால் விரல் விரலாகத் துடைத்துவிட்டார்.

அப்பா ஒரே ஒருமுறைதான் தட்டினார். அந்த ஒலி அடங்கும்வரை குனிந்து காதுகொடுத்துக் கேட்டார்.

இப்போதும் ரிக் வண்டி எதிரே வந்தால் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, ஓட்டுபவர் முகத்தைப் பார்க்கிறேன். பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பது எனக்கே சந்தேகம்தான்.