மோட்டாருக்கு ஒரு பொத்தான்

அப்பா எனக்குப் பிரித்துக் கொடுத்த ஒன்றரை ஏக்கர், பெரம்பலூருக்கு வெளியே அரியலூர் சாலையை ஒட்டி இருக்கிறது. வேலை அரியலூரில். போகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து என் வெங்காயம் தெரியும். இறங்கித் தண்ணீர் பாய்ச்ச முடியாது. மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் வருவது காலை ஒன்பதுக்கு. அப்போது நான் ஆபீஸில் இருப்பேன்.

பக்கத்து வயல் தம்பியுடையது. "மோட்டார் போட ஆளில்லாதவளுக்கு நெலம் எதுக்குக்கா? குத்தகைக்கு எங்கிட்ட வுட்டுரு" என்பான். விட்டால் திரும்பி வராது. அது அவனுக்கும் தெரியும்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் சிம் போட்ட கருவி ஒன்றை மாட்டினேன். ரகசிய எண்ணோடு குறுஞ்செய்தி போனால் மோட்டார் ஓடும். இதற்கென்று ஓர் ஆப் உண்டு. பழைய போனில் ஏற்றியபோது அது என் தொடர்புப் பட்டியலைக் கேட்டது. கிணற்று மோட்டாருக்கு என் நாத்தனார் நம்பர் எதற்கு? அந்தப் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, நாமே கட்டளை எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் போன் வாங்கினேன். அந்த ஆப் இதில் ஏறாது. ஏற வேண்டாம்.

"ஊர்ல எல்லாரும் ஒரு போன் வச்சிருக்காங்க, நீ வேறொண்ணு வச்சிருக்க. தூக்கிக் கெணத்துல போடு" என்றான் தம்பி.

ஆபீஸ் வேலைக்கு நடுவே அவசரமாக அத்தனை எழுத்தையும் தட்டினால் ஒன்றாவது பிசகும். அதனால் பொத்தான் செய்ய உட்கார்ந்தேன். இரண்டு சிறு கோப்புகள் போதும். ஒன்றில் செய்தி அனுப்பும் கட்டளைகள். மற்றொன்று போனின் ஆப் பட்டியலுக்கு: பொத்தானின் பெயர், அதன் படம், அழுத்தினால் எதை ஓட்ட வேண்டும். செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசை எண் போட்டு நாட்குறிப்பில் எழுதினேன். பொத்தானுக்கு எங்கள் பம்பின் வாயைப் படமெடுத்து வைத்தேன். கட்டளையாகத் தட்டிப் பார்த்தபோதெல்லாம் மோட்டார் ஓடியது. பட்டியலில் பொத்தானும் வந்து உட்கார்ந்தது. அதை அழுத்திப் பார்க்காமலேயே தம்பியைத் திங்கட்கிழமை மோட்டார் கொட்டகையில் நிற்கச் சொன்னேன்.

திங்கள் 9.30. அழுத்தினேன். படம் ஒருமுறை மங்கி மீண்டது. அவ்வளவுதான்.

"என்னக்கா, தண்ணி பஸ்ஸுல வருதா?" போனில் அவன் சிரிப்பு. "வெள்ளிக்கெழம குத்தகையப் பேசி முடிச்சுருவமா?"

"வெள்ளிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. வையி போன."

மதியம் சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கிவிட்டு நாட்குறிப்பை விரித்தேன். இருபத்து மூன்று சோதனைகள். எல்லாவற்றிலும் முதலில் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லை அழைத்து, அதைக் கொண்டுதான் கோப்பைப் படிக்க வைத்திருக்கிறேன். பொத்தானோ கோப்பை நேராக ஓடச் சொல்கிறது. தானே ஓடும் அனுமதியை நான் அந்தக் கோப்புக்குக் கொடுக்கவே இல்லை. கொடுக்க ஒரு வரி போதும். யார் கையெழுத்தும் வேண்டாம், போன் என்னுடையது. கொடுத்தேன். இருபத்து நான்கு என்று எண் போட்டு எழுதினேன்.

மறுநாள் பத்தரைக்கு அழுத்தினேன். பத்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டான். பின்னால் தண்ணீர் விழும் இரைச்சல்.

"ஓடுதுக்கா. எப்படியோ ஓடிருச்சு. ஆனா நிறுத்தவும் தெரியணும்ல? அதுக்கு நான்தான வரணும்?"

"நீ எங்க நிக்கிற?"

"தொட்டியிலதான். வந்ததுக்குக் குளிச்சுட்டுப் போறேன்."

போனை வைத்தேன். நேற்று இரவே, நிறுத்துவதற்கென்று இரண்டாவது பொத்தான் ஒன்றும் செய்திருந்தேன். அதைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

ஒரு நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டான். "அக்கா! கண்ணெல்லாம் சோப்பு! போடுக்கா!"

"வெள்ளிக்கெழம என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேச வேணாம், தாயி. தண்ணிய வுடு!"

அன்றைய குறிப்பு: 10.30 ஓட்டம். 10.41 நிறுத்தம். 10.44 ஓட்டம். இரண்டு பொத்தான்களும் சரி.