மூச்சும் பெருமூச்சும்

எனக்கு யாரும் புத்தி சொன்னால் பிடிக்காது. மூச்சுவிடச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் பிடிக்காது. பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஒரு வீட்டுக்கார அம்மாவின் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தலை சுற்றி அவருடைய படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வைத்தியர் பிரஷர் பார்த்தார். ஒரு மாதம் பொறுப்போம், குறையாவிட்டால் சாகும்வரை தினமும் குளிசை விழுங்கவேண்டியதுதான் என்றார். எனக்குக் குளிசை என்றால் தொண்டை அடைக்கும்.

சிஞ்ஞோரா யோகா வகுப்புக்குப் போகிறவர். “சும்மா இருக்கும்போது மூச்சைக் கவனி. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். மெதுவாக உள்ளே, அதைவிட மெதுவாக வெளியே” என்றார். அதோடு விட்டாரா? “இது உங்கள் ஆட்களின் கலைதானே, உனக்குத் தெரியாதா?” என்றும் கேட்டார். எங்கள் ஆட்கள் எனக்கு மீன் வெட்டத்தான் பழக்கினார்கள். வாளியை ஓங்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஆனாலும் செய்தேன். குளிசைக்குப் பயம்.

நானும் என் மனுசனும் அந்த நகரத்தில் சீசா என்ற பகுதியில் குடியிருந்தோம். ஞாயிறு பின்னேரம் மட்டும்தான் எனக்கு ஓய்வு. சோபாவில் சாய்ந்து ஒரு தொடர் நாடகம் பார்ப்பேன். அதில் ஒருத்தி, எந்தக் கதவு திறந்தாலும் மயங்கி விழுவாள். வழக்கமாக அவளைத் திட்டுவேன். அன்றைக்குத் திட்டவில்லை. வயிறுவரை இழுத்து, நீளமாக வெளியே விட்டேன்.

அங்கேதான் சிக்கல். அப்படி விடுகிற மூச்சுக்கு எங்கள் பாஷையில் வேறு பெயர் இருக்கிறது: பெருமூச்சு. மனதில் கவலை இல்லாமல் எங்கள் வீடுகளில் யாரும் அதை விடுவதில்லை.

மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மனுசன் பிசைந்த கையோடு நிமிர்ந்தார்.

“என்னப்பா, ஊரிலையிருந்து ஏதும் அறிஞ்சனியோ?”

“இல்லை. சாப்பிடுங்கோ.”

இன்னொரு மூச்சு விட்டேன்.

“அப்ப நான் ஏதும் சொல்லிப்போட்டனோ?”

“ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறன். நாடகம் பாக்க விடுங்கோ.”

நான் ‘ஒண்டும் இல்லை’ என்றால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்பது அவர் அனுபவம். எழுந்துபோய்த் தன் சோற்றுக் கோப்பையைத் தானே கழுவினார். அடுத்த மூச்சுக்குத் தேத்தண்ணீர் வந்தது. கலியாணம் கட்டியதிலிருந்து அவர் எனக்குப் போட்ட முதல் தேத்தண்ணீர். சீனி வாயில் ஒட்டியது. குடித்தேன். அடுத்த ஞாயிறு உடுப்பு மடித்தார். பிறகு வீடு கூட்டினார். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. எனக்கென்ன விசரா?

மாத முடிவில் இருவரும் வைத்தியரிடம் போனோம். பிரஷர் இறங்கியிருந்தது. குளிசை வேண்டாம். என்ன செய்தாய் என்று கேட்டார். டிவிக்கு முன்னால் மெதுவாக மூச்சு விட்டேன் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் சொன்னேன். என் மனுசனுக்கு என்னைவிட இத்தாலியம் நன்றாக விளங்கும்.

பஸ்ஸில் வெடித்தார்.

“அப்ப உதெல்லாம் கவலையில்லையோ? வெறும் மூச்சோ?”

“ஓம்.”

“நான் விசரன் மாதிரி வீடு கூட்டினன்!”

“மூலையெல்லாம் குப்பை. உதுக்குப் பேர் கூட்டினதோ?”

முன் சீட்டுக் கிழவி திரும்பிப் பார்த்தாள். சண்டை என்று நினைத்திருப்பாள். சண்டைதான்.

அந்த ஞாயிறு நான் எவ்வளவு மூச்சு விட்டும் அவர் அசையவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். கழுவாத கோப்பைகள், மடிக்காத உடுப்பு, எல்லாம் என் கண்ணுக்கு முன்னால். நாடகக்காரி வேறு மயங்கி விழுந்தாள். அப்போது எனக்குள்ளிருந்து ஒன்று தானாகவே வெளியே வந்தது.

அவர் கை நின்றது.

“உது மூச்சோ, பெருமூச்சோ?”

“பெருமூச்சு.”

முணுமுணுத்தபடி எழுந்துபோய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார்.

“சீனி குறையப் போடுங்கோ” என்றேன்.